பதினாறு டெசிபல்

கதவு மூடியபோது சத்தமே வரவில்லை. அதனால்தான் இருவருக்கும் உடனே தெரியவில்லை.

ஒரகடம் சிப்காட்டில் இருந்த அந்தத் தனியார் பரிசோதனைக் கூடத்தில் அதை ‘அமைதி அறை’ என்பார்கள். நான்கு சுவர்களிலும் கூரையிலும், கதவின் உட்புறத்திலும்கூட, முழ நீளத்துக்கு ஆப்பு ஆப்பாகக் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். உள்ளே எழும் ஒலி எதிலும் பட்டுத் திரும்பாது. வெளியே நடப்பதும் உள்ளே கேட்காது. மோட்டார், விசிறி, பம்பு என்று சுற்றியுள்ள தொழிற்சாலைகள் அனுப்பும் பொருட்களை நடுவில் வைத்து ஓடவிட்டு, சுற்றிலும் மைக்குகளை நிறுத்தி, அது எவ்வளவு சத்தம் போடுகிறது என்று பக்கத்து அறையிலுள்ள கம்ப்யூட்டரில் அளப்பார்கள்.

அன்று சனிக்கிழமை. மின்சாரப் பேருந்தின் பேட்டரியைக் குளிர்விக்கும் ஒரு விசிறிக்குத் திங்கட்கிழமை காலைக்குள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. இப்படி அளக்கும்போது வழக்கமாக மூன்று பேர் இருப்பார்கள். மூன்றாமவனான நிவாஸ் தண்டலத்தில் சொந்தக்காரர் கல்யாண வரவேற்பு என்று அனுமதி கேட்டபோது ப்ரியம்வதாதான் போகச் சொன்னாள். அவள் அங்கே சீனியர் இன்ஜினியர். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கே கிளம்பிவிட்டார்கள்.

“மூணாவது மைக் சரியா காட்டல மேடம். ஒருக்க வந்து பாருங்க” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டான் வனமாமலை. டெக்னீஷியன். நாங்குநேரிப் பக்கத்துக்காரன். சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தான்.

அவள் சத்தத்தை எண்ணில் காட்டும் கை மீட்டரையும் காலிபரேட்டரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காலிபரேட்டர் என்பது மைக்கின் தலையில் தொப்பி மாதிரி மாட்டும் சின்ன உருளை. பொத்தானை அழுத்தினால் ஒரே சீராகக் ‘கீ’ என்று ஒலிக்கும். மைக் சரியாக அளக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். கைபேசிகளை விதிப்படி வெளியே ஒரு தட்டில், ரிங்கை அணைத்து வைத்திருந்தார்கள்.

கதவின் உள்பக்கக் கைப்பிடி பத்துப் பதினைந்து நாட்களாகவே பழுது. திருப்பினால் சும்மா சுற்றும், தாழ் நகராது. ‘புனேயிலிருந்து பார்ட் வரணும்’ என்று மேனேஜர் மாரிமுத்து சொல்லியிருந்தார். அதுவரை உள்ளே ஒருவர் போனால் வெளியே ஒருவர் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. கதவில் செருகும் மரக்கட்டையை யாரோ எங்கோ எடுத்துப் போய்விட்டதால் வனமாமலை அன்று ஓர் அட்டைப்பெட்டியை மடித்து வைத்திருந்தான். தன் எடையாலேயே மூடிக்கொள்ளும் கதவு அது. அட்டை எவ்வளவு நேரம் தாங்கும்?

ப்ரியம்வதா மைக்கைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினாள். கதவு இருந்த இடத்தில் சுவர் மாதிரி ஸ்பாஞ்சு மட்டும் தெரிந்தது.

“வனமாமலை, கதவு…”

அவன் ஓடிப்போய்க் கைப்பிடியைத் திருப்பினான். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

முதலில் இருவரும் கத்தினார்கள். கத்துவதே விசித்திரமாக இருந்தது. வாயைவிட்டு வெளியே வந்ததும் குரல் செத்து விழுந்தது. பக்கத்தில் நிற்பவன் தலையணையில் முகம் புதைத்துப் பேசுவதுபோல் கேட்டது.

“மைக்ல கத்துவோம் மேடம்” என்றான் வனமாமலை. “கம்ப்யூட்டர்ல தெரியும்லா?”

“அங்க பாக்க ஆள் வேணுமே.”

“வாட்ச்மேன் சாயங்காலம் வருவாரு.”

ஆமாம், வாட்ச்மேன் மண்ணாங்கட்டி வருவார். மணிமங்கலத்திலிருந்து சைக்கிளில் வரும் காவல்காரர். பொழுது சாயும் நேரத்தில் ஒவ்வொரு அறையாகப் பார்த்துப் பூட்டுவார். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

ப்ரியம்வதா ஒரு மூலையில் சுடிதாரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவன் எதிர்மூலைக்குப் போய் உட்கார்ந்தான். அளக்கும்போது இரைச்சல் வரக்கூடாதென்று காற்றை உள்ளே அனுப்பும் விசிறியை அவளே வெளியில் அணைத்துவிட்டு வந்திருந்தாள். அறை பெரியதுதான், மூச்சு உடனே முட்டிவிடாது என்று மனக்கணக்குப் போட்டாள். ஆனால் வாட்ச்மேனுக்குப் புரியாமல் போனால் திங்கட்கிழமை காலைவரை யாரும் வரமாட்டார்கள். தண்ணீர்கூட இல்லை.

அதைவிட வேறொன்றுதான் அவளை அரித்தது. யார் கதவைத் திறப்பார்கள், திறந்ததும் முதலில் என்ன நினைப்பார்கள்? லீவு நாள் மாதிரியான சனிக்கிழமை மதியம், ஆளில்லாத கட்டடம், பூட்டிய அறை, கல்யாணமான பெண், இருபத்தாறு வயதுப் பையன். அவள் வீடு ஸ்ரீபெரும்புதூரில் சன்னதித் தெருவில். மாமியார் பெருந்தேவிக்கு மருமகள் சனிக்கிழமை வேலைக்குப் போவதே பிடிக்காது. கணவன் ஜனார்தன் வங்கியில் வேலை பார்த்தான், மாலையில் கோயிலில் பாசுரம் ஓதும் கோஷ்டியில் நின்று சேவிப்பான். அந்தத் தெருவில் எந்தச் செய்தியும் நான்கு வீடு தாண்டுவதற்குள் உருமாறிவிடும். கதவு திறக்காவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம், திறந்தால் என்ன ஆகும் என்ற பயம் மறு பக்கம். நடுவில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேசாமல் இருந்தபோது அந்த அறையின் குணம் தெரிந்தது. தன் இதயம் அடிப்பது கேட்டது. எச்சில் விழுங்கினால் கேட்டது. கழுத்தைத் திருப்பினால் எலும்பு உரசுவது கேட்டது. மடியில் இருந்த கை மீட்டர் பதினாறு டெசிபல் காட்டியது. கிசுகிசுப்பாகப் பேசினாலே முப்பது காட்டும். இத்தனை வருடங்களில் இந்த எண்ணைப் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறாள், வருகிற விருந்தாளிகளிடமெல்லாம்.

நேரம் போனது. வனமாமலை எழுந்து எழுந்து உட்கார்ந்தான். காதைத் தேய்த்தான். தலையை உதறினான்.

“என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

பொழுது சாயும் நேரம் என்று தோன்றியபோது இருவரும் மைக்குகளின் முன்னால் நின்று மாறி மாறிக் கத்தத் தொடங்கினார்கள். “மண்ணாங்கட்டி அண்ணே! கதவைத் திறங்க!” சுவருக்கு அந்தப்பக்கம் திரையில் பச்சைக் கம்பிகள் குதித்து எழுவதை ப்ரியம்வதா மனதில் பார்த்தாள். தொண்டை காய்ந்து குரல் பிசிறும்வரை கத்தினார்கள். அவன் விட்டால் அவள், அவள் விட்டால் அவன்.

விளக்கு அணைந்தது.

ஒரு கணம் இருவருக்கும் புரியவில்லை. பிறகு புரிந்தது. மண்ணாங்கட்டி வந்திருக்கிறார். சுவருக்கு அந்தப்பக்கம், கைநீட்டும் தூரத்தில் நின்றிருக்கிறார். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போய்விட்டார்.

“அண்ணே!” என்று அலறினான் வனமாமலை. மைக்குகள் இப்போது வெறும் இரும்புக் குச்சிகள்.

அப்படிப்பட்ட இருட்டை ப்ரியம்வதா பார்த்ததில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கை மீட்டரின் பொத்தானைத் தடவி அழுத்தினாள். பேட்டரியில் ஓடுவது அது. சின்னத் திரை நீலமாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் கண்டது, வனமாமலை இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, ஸ்பாஞ்சில் தலையை முட்டிக்கொண்டிருந்ததை.

“வனமாமலை! என்ன பண்றீங்க?”

“நிக்க மாட்டேங்கு மேடம். நிக்கவே மாட்டேங்கு.”

“எது?”

“விசிலு. இடது காதுல.”

துண்டு துண்டாகச் சொன்னான். இங்கே சேருவதற்கு முன்னால் இரண்டு வருஷம் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தான். தகட்டை அடித்து வளைக்கும் ராட்சத மெஷின்கள். காதில் செருகும் பஞ்சு கேட்டால் லைன் சூப்பர்வைசர் சிரிப்பான். ஒருநாள் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தபோது காதில் ஒரு விசில் ஒலித்தது. தூங்கினால் சரியாகும் என்று நினைத்தான். அது இன்றுவரை நிற்கவில்லை.

“ரோட்டுல, பஸ்ல, ரூம்ல பயலுவ பேச்சுல அது அமுங்கிரும். இங்கன வேற சத்தமே இல்லல்லா? அது மட்டுந்தான் கேக்கு. மண்டைக்குள்ள யாரோ நின்னு ஊதுத மாதிரி.”

“ஏன் சொல்லவே இல்ல?”

“சத்தம் அளக்குத கம்பெனில காது கெட்டவன வேலைக்கு எடுப்பாங்களா மேடம்?”

அவள் மீட்டரைப் பார்த்தாள். பதினாறு. அவனை உலுக்கிக்கொண்டிருந்த அந்தச் சத்தத்தை உலகத்தில் எந்த மைக்கும் எடுக்காது. இங்கே சேர்ந்த இரண்டு வருடங்களாக அவன் ஏதாவது சாக்குச் சொல்லி இந்த அறைக்குள் கதவை மூடி நிற்பதைத் தவிர்த்து வந்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சோம்பேறி என்று நிவாஸிடம் ஒருமுறை சொல்லியும் இருக்கிறாள்.

அவன் மறுபடி தலையை முட்டத் தொடங்கினான். யார் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் அவளிடமிருந்து அந்த நிமிடம் கழன்றது. எழுந்துபோய் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். காலிபரேட்டரை அழுத்தி அவன் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். ‘கீ’ என்று ஒலித்தது.

அவன் உடம்பு தளர்ந்தது. “ஆமா… இது கொஞ்சம் அத மூடுது.”

ஆனால் அது நிமிடத்துக்கு நிமிடம் தானாக அணைந்துவிடும் கருவி. அவள் திரும்பத் திரும்ப அழுத்தினாள். பழைய பேட்டரி. ஒலி மெலிந்து மெலிந்து ஒருகட்டத்தில் வரவே இல்லை.

“பேசுங்க மேடம்” என்று கெஞ்சினான். “எதையாவது பேசுங்க.”

ப்ரியம்வதா பேசினாள். வேலையைப் பற்றி, தன் வண்டியில் வரும் வழியில் புதிதாகத் தோண்டியிருக்கும் பள்ளத்தைப் பற்றி, மாமியாரின் முழங்கால் வலியைப் பற்றி, பால்காரரைப் பற்றி. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. விஷயம் தீர்ந்து போனது. அவன் மறுபடி காதைப் பொத்தினான். அப்போதுதான் அவள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். நான்கு வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் படித்த காலத்திலிருந்து ஆசைப்பட்ட இடம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, வரவில்லை என்று பதில் அனுப்பிவிட்டாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஏன் மேடம்?”

“கேட்டா என்ன சொல்வாங்கன்னு தெரியும். அத காதால கேக்க வேண்டாம்னு தோணித்து.”

அந்த மங்கல் நீலத்தில் முகம் சரியாகத் தெரியாதது வசதியாக இருந்தது. பேசிக்கொண்டே போனாள். மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியிலும் மீட்டரில் எண் லேசாக அசைவதைக் கண்டாள்.

“ஒரு நிமிஷம். பேசாதீங்க.”

சாதாரணமாக மீட்டர் மனிதக் காதைப்போல, கனத்த தாழ்சுருதி ஒலிகளை ஒதுக்கிவிட்டுத்தான் காட்டும். அவள் அமைப்பை மாற்றி, ஒதுக்காமல் காட்டும்படி வைத்தாள். எண் முப்பதுக்கு மேல் போய் ஆடத் தொடங்கியது. ஏறியது, இறங்கியது. ரோட்டில் லாரி போகிறது! காதுக்கு எட்டாத அந்தக் கனத்த அதிர்வு மட்டும் சுவர்களைத் தாண்டி வருகிறது.

“கூடத்தோட ஷட்டரைத் தூக்கினா இதுல நிச்சயம் தெரியும்” என்றாள். “தெரிஞ்ச உடனே கதவை அடிக்கணும்.”

“ஸ்பாஞ்சுல அடிச்சா கேக்காதே மேடம்.”

“பிச்சிடுங்க.”

அவன் தயங்கினான். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சரக்கு. தவறி முழங்கை பட்டாலே மாரிமுத்து கத்துவார்.

ப்ரியம்வதாவே எழுந்து கதவருகே போய் ஓர் ஆப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பசை ‘சர்ர்’ என்று உரிந்தது. வனமாமலை சேர்ந்துகொண்டான். கறுப்புத் தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறியது, கை அரித்தது. இரும்புத் தகடு தட்டுப்பட்டதும் மைக் ஸ்டாண்டின் கனமான அடிப்பாகத்தைக் கழற்றினார்கள். அதன் விளிம்பு அவள் கையைக் கிழித்தது. அவள் துப்பட்டாவை உருவி அந்த இரும்பில் சுற்றினாள்.

பிறகு கதவோரம் அருகருகே உட்கார்ந்து அந்த நீல எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று புழுங்கியது. சட்டையும் சுடிதாரும் உடம்போடு ஒட்டிக்கொண்டன. லாரி. மறுபடி லாரி. இரண்டு முறை ஏமாந்து, அடித்து ஓய்ந்தார்கள். மீட்டரிலும் பேட்டரி ஒரு கோடு குறைந்தது. அவள் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள், குரல் வெறும் காற்றாகப் போகும்வரை.

திடீரென்று எண் ஐம்பதைத் தாண்டியது.

“அடிங்க!”

மாறி மாறி அடித்தார்கள். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. எதிர்பார்க்காத கணத்தில் கதவு அவர்களிடமிருந்து விலகி வெளியே போனது. டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. காற்று வந்தது, அதோடு சத்தங்களும் வந்தன. பூச்சிகளின் சத்தம், ஏதோ ஒரு மோட்டார், மனிதக் குரல். எல்லாம் காதை அறைந்தன.

“ஐயோ இன்னா மேடம் இது! உள்ளயா இருந்தீங்க?” மண்ணாங்கட்டி தலையில் கைவைத்தார். “ஸ்க்ரீன்ல பச்சையா இன்னாவோ குதிச்சிகினு இருந்துச்சு. மறந்து வுட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு நான்தான் மெயின ஆஃப் பண்ணேன். சார் வந்து, உங்க வண்டி இங்கதான கீதுன்னு கேக்கசொல்லதான் திரும்ப ஷட்டரத் தூக்குனேன்…”

அவருக்குப் பின்னால் ஜனார்தன் நின்றான். நெற்றியில் திருமண்ணோடு, கோஷ்டிக்குப் போகக் கிளம்பி, அப்படியே வந்திருந்தான். போன் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறான். டார்ச் ஒளியில் அவன் கண் மனைவிமேல் நின்றது. கலைந்த தலை, தோளில் இல்லாத துப்பட்டா, முகமெல்லாம் கறுப்புத் தூள். பிறகு வனமாமலைமேல் நின்றது. பிறகு பிய்ந்த ஸ்பாஞ்சுக் குவியலையும், துப்பட்டா சுற்றிய இரும்பையும், அதில் ஊறியிருந்த ரத்தத்தையும் பார்த்தான்.

ப்ரியம்வதா கிழிந்த கையால் தலைமயிரை ஒதுக்கினாள்.

“கையில என்ன?” என்றான். அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் கொடுத்தான். அவள் குடித்ததும் வாங்கி வனமாமலையிடம் நீட்டினான். வனமாமலை தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக, “மேடம் விடாம பேசிக்கிட்டே இருந்தாங்க சார். அதனாலதான் நான் தப்பிச்சேன்” என்றான்.

திங்கட்கிழமை கைப்பிடி மதியத்துக்குள் சரியானது. ஒரகடத்திலேயே ஒரு லேத்துக்காரர் செய்து கொடுத்தார். புனேயைப் பற்றி யாரும் பேசவில்லை. மாரிமுத்து பிய்ந்த ஸ்பாஞ்சைப் பார்த்துவிட்டு, விதியை மீறினான் என்று வனமாமலையை நிறுத்திவிடலாம் என்றார்.

“உள்ள போனது நான். நிவாஸை அனுப்பினதும் நான். ஸ்பாஞ்சை முதல்ல பிச்சதும் நான். நிறுத்தறதா இருந்தா என்னை நிறுத்துங்க சார்” என்றாள் ப்ரியம்வதா. “கைப்பிடி எத்தனை நாளா உடைஞ்சிருந்ததுன்னும் அப்ப எல்லார் முன்னாடியும் பேசிடலாம்.”

மாரிமுத்து புது ஸ்பாஞ்சுக்கு ஆர்டர் எழுதப் போனார். வனமாமலையின் காதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவனைக் கூட்டிப்போய் ஒரு காது டாக்டரிடம் காட்டினாள். போனதைத் திருப்ப முடியாது, இருப்பதைக் காக்கலாம் என்றார் அவர். வெளி அளவை வேலைக்கு அவனை மாற்றும்படி கேட்டு மாற்றினாள். இப்போது அவன் நெடுஞ்சாலை ஓரங்களிலும் தொழிற்சாலை மதில்களிலும் ஸ்டாண்டை நட்டு, காதில் அடைப்பான் செருகிக்கொண்டு அளக்கிறான். அந்த இரைச்சலில் அவன் நிம்மதியாக இருக்கிறான் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

தெருவில் பேச்சு வரத்தான் செய்தது. “உள்ள இன்னொருத்தரும் இருந்தாராமே?” என்று பெருந்தேவி கேட்டபோது ஜனார்தன், “ஆமாம்மா, கூட வேலை பாக்கறவர். அவர் இல்லேன்னா இவ கதவை உடைச்சிருக்க முடியாது” என்று முடித்துவிட்டான். ப்ரியம்வதாவுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அவன் முன்னைவிடக் குறைவாகப் பேசினான். எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது அவளையே பார்த்தான். சந்தேகமோ என்று அவள் உள்ளுக்குள் சுருங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது மொட்டை மாடிக்கு வந்தான்.

“ஒண்ணு கேக்கணும். அவ்வளவு நேரம் என்ன பேசிண்டிருந்தே?”

“ஏதேதோ.”

“விடாம பேசினேன்னு அந்தப் பையன் சொன்னான். இங்க நீ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசறதில்ல. அதான் நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். வேற ஒண்ணுமில்ல.”

அவள் கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணி அது. பிறகு, பெங்களூர் வேலையைப் பற்றிச் சொன்னாள். வெளிச்சத்தில், முகத்தைப் பார்த்துச் சொல்வது கடினமாக இருந்தது. ஆனாலும் முழுசாகச் சொன்னாள்.

ஜனார்தன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். “எங்கிட்டக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேள்?”

அவன் வாயைத் திறந்தான். கீழேயிருந்து பெருந்தேவி காப்பிக்குக் கூப்பிட்டாள். இருவரும் அசையவில்லை. பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. அவள் மீதித் துணியைக் கொடியில் போட ஆரம்பித்தாள். அவனும் குனிந்து ஒரு புடவையின் மறுமுனையை எடுத்துப் பிடித்துக்கொண்டான்.

“தெரியல” என்றான் கடைசியில்.

“எனக்குத் தெரியும்” என்றாள் அவள்.

கீழே பெருந்தேவி மறுபடியும் கூப்பிட்டாள். இருவரும் புடவையை உதறிக் காயப்போட்டுவிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினார்கள்.